மாடித்தோட்டமும் மாமியார் மல்லியும்: வாசகர் கேள்வி பதில்

ஆடி நெருங்குதுன்னாலே தோட்டக் கேள்வியா வந்து குவியும், இந்தத் தடவையும் அப்படித்தான். ஆனா வந்ததுல பாதி கேள்வி செடியப் பத்தினது இல்ல, வீட்டு ஆளுங்களப் பத்தினது. அதனால முதல் கேள்விக்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளமா போயிடுச்சு, பொறுத்துக்குங்க.

கேள்வி: எங்க வீட்டுல அஞ்சு பேர். மொட்டைமாடி 600 சதுர அடி சும்மா கெடக்கு, இந்த ஆடிப்பட்டத்துல எல்லாருமா சேர்ந்து தோட்டம் போடலாம்னு உக்காந்து பேசினோம், பேச்சு சண்டையில முடிஞ்சுது. அத்தைக்கு பூச்செடிதான் வேணும். வீட்டுக்காரர் வீடியோ பாத்துட்டு டிரம்ல மாமரம் வெக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். நாலாவது படிக்கிற பையனுக்கு ஸ்ட்ராபெரி. பிளஸ் ஒன் படிக்கிற பொண்ணு "என்னை ஆள விடுங்க"ங்கிறா. எனக்கு கீரை, கறிவேப்பிலை, மிளகா கெடைச்சாலே போதும். எங்கேருந்து ஆரம்பிக்கிறது? – வாசகி, ஈரோடு

பதில்: என்ன செடின்னு பேசறத அப்புறம் வெச்சுக்கலாம், முதல்ல தண்ணி யாரு ஊத்துறதுன்னு பேசி முடிங்க. செடி வளக்குற ஒரு பைக்கு (குரோ பேக்) வெயில் காலத்துல ஒரு நாளைக்கு ஒண்ணுலேருந்து ரெண்டு லிட்டர் வரைக்கும் தண்ணி இழுக்கும். 20 பை வெச்சீங்கன்னா இருபதுலேருந்து நாப்பது லிட்டர், அத குடத்துல மாடிக்கு தூக்கிட்டு போகப்போறது வீடியோ பாத்த ஆள் இல்ல, நீங்கதான், அது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அதனால முதல் செலவு செடிக்கு இல்லங்க, மாடியில ஒரு குழாய். டேங்க் பக்கத்துலேயே ஒரு டேப் வெச்சு ஹோஸ் போட்டுக்குங்க, அது வர்ற வரைக்கும் ஒரு விதை கூட வாங்காதீங்க. என்னைக் கேட்டா, யாரு தண்ணி ஊத்தறாங்களோ அவங்களுக்குத்தான் எத்தன பைன்னு முடிவு பண்ற உரிமை, மத்தவங்க ஆசைய சொல்லலாம் அவ்வளவுதான். ரெண்டு பேர் மாறி மாறி ஊத்துவாங்கன்னா 20 பை, நீங்க ஒருத்தர் மட்டும்தான்னா பத்துக்கு மேல போகவேண்டாம்.

அடுத்து வெயில். ஞாயித்துக்கிழமை பையன் கையில ஒரு சாக்பீஸ் குடுத்து காலையில 9 மணிக்கு, மத்தியானம் 12க்கு, சாயங்காலம் 3 மணிக்கு மாடியில நிழல் எங்க விழுதுன்னு கோடு போடச் சொல்லுங்க. மூணு கோடும் தொடாத இடம்தான் கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய்க்கு, ஏன்னா காய்க்கிற செடிக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேணும். கொஞ்சம் நிழல் விழுற இடத்துல கீரை, புதினா, மணத்தக்காளி. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, ஆனி ஆடியில சூரியன் நம்ம தலைக்கு கொஞ்சம் வடக்கால போகும், மார்கழியில நல்லா தெக்கால சாஞ்சிடும், அப்ப தெக்குப்பக்க கைப்பிடிச் சுவரு நிழல் உள்ள வந்து விழும். ஆடியில நல்லா வெயில் வாங்குன இடம் தையில குளுந்து கெடக்கறது இதனாலதான். தெக்குச் சுவர ஒட்டி காய்ச்செடி வெக்காதீங்க.

இப்ப ஆளாளுக்கு வருவோம். அத்தைக்கு மல்லி, செம்பருத்தி, துளசி, மூணு நாலு தொட்டி மறுபேச்சு இல்லாம குடுத்திடுங்க, ஏன்னா தினமும் காலையில பூ பறிக்க மாடி ஏறுற ஒரே ஆள் அவங்களாத்தான் இருப்பாங்க, இலைக்கு அடியில பூச்சி வந்தா முதல்ல பாக்கறதும் அவங்கதான். மாமரம் வெக்கலாம், ஒட்டுக்கன்னுதான் வெக்கணும், ஆனா பாதி டிரம் மண்ணும் ஈரமுமா நூறு கிலோவுக்கு மேல போகும், ஒரு தடவ வெச்சா நகத்த முடியாது. முதல் வருஷம் எலுமிச்சையோ கொய்யாவோ ஒட்டுக்கன்னு ஒண்ணு வாங்கி குடுங்க, அத ஒரு வருஷம் காப்பாத்திக் காட்டட்டும், அப்புறம் மாமரம் பேசலாம். ஸ்ட்ராபெரி ஊட்டி கொடைக்கானல் குளிருக்கு வளர்றது, ஈரோட்டு வெயில்ல அது படுற பாட்டப் பாத்து பையன் அழுவான். செர்ரி தக்காளி குடுங்க, கொத்து கொத்தா காய்க்கும், செடியிலேருந்தே பறிச்சு வாயில போட்டுக்கலாம். அது காய்க்க ரெண்டு மாசம் ஆகும், அதுவரைக்கும் பொறுமை இருக்காதுன்னு கூடவே ஒரு பையில முள்ளங்கி போட விடுங்க, நாலு நாள்ல முளைச்சிடும், 45 நாள்ல இழுத்துப் பாக்கலாம். பொண்ண விட்டுடுங்க. பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைய செடி நட வான்னு கூப்பிட்டா வராது, போட்டோ எடுத்து எந்த தேதியில எத விதைச்சோம்னு போன்ல குறிச்சு வெக்கச் சொல்லுங்க. அந்தக் கணக்கு இல்லாமதான் பாதி வீட்டுல பட்டம் தப்பிப் போகுது.

உங்க பங்குக்கு வருவோம். அஞ்சு பேருக்கு வெண்டைக்கா பொரியல் ஒரு வேளைக்கு அரைக் கிலோ ஆகும். நாலு செடி வெச்சா ஒருநாள் விட்டு ஒருநாள் நாலஞ்சு காய் வரும், அத வெச்சுக்கிட்டு என்ன பண்றது? பத்து பன்னெண்டு செடியாவது இருக்கணும், இல்லேன்னா வெண்டையே வேண்டாம். ஆனா மிளகாய் நாலு செடி, கத்தரி நாலு செடி இருந்தா வீட்டுக்கு தாராளம். கீரைய ஒரே நாள்ல எல்லாப் பையிலயும் தூவாதீங்க, வாரம் ஒரு பைன்னு தூவுங்க, சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாள்ல பறிப்புக்கு வந்துடும், அப்ப மாசம் முழுக்க வாரா வாரம் ஒரு கட்டு வந்துக்கிட்டே இருக்கும். கொடி அவரைக்கு ஆடிய விட நல்ல மாசம் கெடையாது, அது பகல் நேரம் குறைஞ்ச பிறகுதான் பூக்கும், இப்ப போட்டா கொடி நல்லா படர்ந்து மார்கழி தையில காய் கொட்டும். அதையே மாசியில போட்டுட்டு வெறும் இலையா இருக்குன்னு அடுத்த இதழுக்கு கேள்வி அனுப்பாதீங்க. செடி அவரைக்கு இந்த கணக்கு கெடையாது, எப்ப வேணா போடலாம்.

மண்ணுக்கு ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு கோகோபீட் (தேங்கா நார்த்தூள்), ஒரு பங்கு மக்குன மாட்டெரு இல்லேன்னா மண்புழு உரம், பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கலந்து தண்ணி தெளிச்சு பத்து பதினஞ்சு நாள் அப்படியே விட்டுட்டு அப்புறம்தான் விதைக்கணும், புண்ணாக்கோட சூடு அடங்கணும். கோகோபீட் கட்டிய ஊறவெச்சு ரெண்டு மூணு தடவ தண்ணி மாத்திக் கழுவுங்க, அதுல இருக்கிற உப்புதான் நாத்த கருக்கிடும். இந்த மண் கலக்குற வேலைக்கு மட்டும் அஞ்சு பேரும் வந்தே ஆகணும்னு கண்டிப்பா சொல்லிடுங்க, தனி ஆளா பண்ணா இடுப்பு போயிடும். வெண்டை, அவரை, கீரை நேரடியா விதைக்கலாம். கத்தரி, தக்காளி, மிளகாய குழித்தட்டுல போட்டு 25, 30 நாள் நாத்த எடுத்து சாயங்கால நேரமா நடுங்க, மிளகாய்க்கு இன்னும் ஒரு வாரம் கூட ஆகலாம். எல்லா விதையும் அதோட தடிமன் மாதிரி ரெண்டு மூணு மடங்கு ஆழம் போதும், அத்தை ஒரு சாண் தோண்டுனா தடுத்திடுங்க.

தோட்டக்கலைத் துறையில மாடித்தோட்டத் தளைன்னு பை, விதை, உயிர் உரமெல்லாம் சேர்த்து மானிய விலையில குடுப்பாங்க, உங்க வட்டார ஆபீஸ்ல ஸ்டாக் இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

கேள்வி: எங்க வீட்டு மாடி இந்தக் கனத்த தாங்குமா? எங்கப்பா கட்டுன வீடு, அவரு மாடியில செடின்னாலே கத்துறாரு. – வாசகர், மதுரை

பதில்: அப்பா கத்துறதுல நியாயம் இருக்கு. ஆள் நடமாடுற மொட்டைமாடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோன்னு கணக்கு வெச்சுத்தான் நம்ம ஊர்ல கான்கிரீட் வீடு டிசைன் பண்ணுவாங்க. ஒரு அடி அகலம் ஒரு அடி உயரம் இருக்கிற பை ஈரத்தோட 20 கிலோவத் தாண்டும், ஒரு சதுர மீட்டர்ல நெருக்கி அடுக்கினா ஒம்போது பத்து பை நிக்கும், அப்பவே 200 கிலோ ஆச்சு. அதனால மாடி நடுவுல நெருக்கி அடுக்காதீங்க. கீழ சுவரோ பீமோ எங்க ஓடுதோ அதுக்கு நேர் மேல வரிசையா வெச்சு, வரிசைக்கு நடுவுல ரெண்டடி நடைபாதை விடுங்க, சராசரி தானா குறைஞ்சிடும். செம்மண்ண குறைச்சு கோகோபீட்ட கூட்டினாலும் கனம் குறையும். டிரம் வெக்கறதா இருந்தா தூண் இருக்கிற மூலைக்குத்தான். ஒவ்வொரு பைக்கு அடியிலயும் ரெண்டு செங்கல் வெச்சு தூக்கி வெச்சுடுங்க, பைக்கு அடியில ஈரம் தேங்கித்தான் தளம் கெடும். ஏற்கனவே வெடிப்பு, ஒழுகல் இருந்தா அத சரி பண்ணிட்டுத்தான் மத்ததெல்லாம்.

உங்க வீடு தேக்கு உத்திரம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ்னா மாடித்தோட்ட ஆசைய விட்டுடுங்க, திண்ணையிலயும் வாசல்லயும் நாலு தொட்டி வெச்சு அப்பாவ நிம்மதியா இருக்க விடுங்க.

கேள்வி: நாங்க இருக்கிறது அபார்ட்மெண்ட். பால்கனியில காலையில மூணு மணி நேரம்தான் வெயில். ஏழு வயசுப் பொண்ணோட சேர்ந்து ஏதாவது வளக்கணும்னு ஆசை, என்ன வெக்கலாம்? – வாசகி, சென்னை

பதில்: மூணு மணி நேரம் வெயிலுக்கு தக்காளி கத்தரி ஆசைப்படாதீங்க. புதினா கட்டு வாங்கி சமையலுக்கு இலைய கிள்ளிட்டு தண்ட ஊனி விடுங்க, கற்பூரவல்லி ஒரு குச்சி உடைச்சு வெச்சா போதும், வல்லாரை, தூதுவளை, பொன்னாங்கண்ணி எல்லாம் வரும். பொண்ணுக்கு வெந்தயம். நாலைஞ்சு நாள்ல முளைச்சு நிக்கும், பத்துப் பன்னெண்டு நாள்ல கிள்ளி சப்பாத்திக்கு போடலாம், அவ தூவி அவ தண்ணி தெளிச்சு அவ தட்டுக்கே வந்துடும்.

இன்னொண்ணு, எனக்கு ரொம்ப பிடிச்சது. ஊருப்பக்கம் அம்மன் கோயில் முளைப்பாரி போடறாங்கல்ல, அத வீட்டுல பண்ணிப் பாருங்க. ரெண்டு சட்டியில நவதானியத்த போட்டு ஒண்ண இருட்டு ரூம்லயும் ஒண்ண பால்கனியிலயும் வெச்சா, இருட்டுல வளந்தது மஞ்சளா நெட்டுன்னு மேல போகும், வெளிச்சத்துல வளந்தது பச்சையா குட்டையா இருக்கும். ஏன்னு அவளே கேப்பா. உங்க ஊர்ல முளைப்பாரி பழக்கம் இருந்தா பாட்டிக்கு ஒரு போன் போட்டு அவகிட்ட குடுங்க, மீதிக் கதைய அவங்க சொல்லிக்குவாங்க.

தொட்டிக்கு அடியில தட்டு வெச்சிருப்பீங்க, அதுல தேங்குற தண்ணிய வாரத்துக்கு ரெண்டு தடவையாவது கொட்டிடணும். டெங்கு கொசு அந்த மாதிரி நல்ல தண்ணியிலதான் முட்டை வெக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவா பறந்துடும். ஏசியிலேருந்து சொட்டுற தண்ணிய செடிக்கு ஊத்தலாம், ஆர்ஓ மெஷின் கழிச்சு விடுற தண்ணி வேண்டாம், உப்பு ஜாஸ்தி.

கேள்வி: சுரைக்கொடி பந்தல் பூரா படர்ந்து பூவா பூக்குது, ஒரு காய் கூட தங்கல. பிஞ்சு வந்தாலும் மஞ்சளாகி விழுந்துடுது. கண்ணு பட்டுடுச்சுன்னு எங்க ஆத்தா ஒரு பழைய செருப்ப கட்டி தொங்கவிட்டிருக்காங்க. – வாசகர், தஞ்சாவூர்

பதில்: செருப்பு இருந்துட்டு போகட்டும், அதால கெடுதல் ஒண்ணும் இல்ல. சுரை, பீர்க்கு, பாகல், புடலை எல்லாத்துலயும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. முதல்ல கொஞ்ச நாள் ஆண் பூவாத்தான் வரும், அது உதிர்றத பாத்து பயப்பட வேண்டாம். பெண் பூவுக்கு அடியிலேயே குட்டியா ஒரு சுரைக்கா இருக்கும் பாருங்க, மகரந்தம் வந்து சேரலேன்னா அதுதான் மஞ்சளாகி விழறது. இதுல விஷயம் என்னன்னா பாகலும் பூசணியும் காலையில பூக்கும், தேனீ வந்து வேலைய முடிச்சிட்டு போயிடும், சுரையும் பீர்க்கும் பொழுது சாயறப்பத்தான் விரியும், அந்த நேரத்துக்கு டவுன் பக்கம் தேனீயும் கெடையாது அந்துப்பூச்சியும் ரொம்ப வராது. அதனால சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரு ஆண் பூவ கிள்ளி இதழ பிச்சு எடுத்துட்டு நடுவுல இருக்கிற மகரந்தத்த பெண் பூ நடுவுல லேசா தடவுங்க. ஒரு ஆண் பூ ரெண்டு மூணு பெண் பூவுக்கு வரும். ஆத்தாவையே தடவச் சொல்லுங்க, காய் நின்னா பேரு செருப்புக்கு போனாலும் பரவால்ல.

கேள்வி: செம்பருத்தி, பப்பாளி, கத்தரி எல்லாத்துலயும் வெள்ளையா பஞ்சு மாதிரி அப்பிக்கிட்டிருக்கு. மருந்துக்கடையில ஸ்ட்ராங்கா ஒண்ணு வாங்கி அடிச்சா ஒரே நாள்ல போயிடும்ங்கிறார் வீட்டுக்காரர், கொழந்தைங்க பறிச்சுத் திங்கிற செடியில மருந்தா, கூடவே கூடாதுங்கிறேன் நான். யாரு சொல்றது சரி? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்க சொல்றதுதான். அந்த வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சி, அது மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கு, எவ்வளவு ஸ்ட்ராங்கா அடிச்சாலும் பாதி உள்ள போகாது, ஆனா அத திங்கிற நல்ல பூச்சி மட்டும் சுத்தமா செத்துப்போகும். உங்க ஊர்க் கதையவே சொல்றேன், 2008ல பப்பாளி மாவுப்பூச்சின்னு ஒண்ணு நம்ம நாட்டுல முதல்ல தெரியவந்தது கோயம்புத்தூர்லதான், பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாத்தையும் வாரிச்சு, எத அடிச்சும் அடங்கல. கடைசியில 2010ல அமெரிக்காக்காரங்க கிட்டேருந்து ஒரு துளியூண்டு குளவிய ஒட்டுண்ணியா கொண்டுவந்து விட்டாங்க, அதுதான் அடக்குச்சு.

வீட்டுல என்ன பண்றதுன்னா, ரொம்ப அப்பியிருக்கிற கிளைய வெட்டி கவர்ல கட்டி குப்பையில போடுங்க, செடிக்கு அடியில போட்டா திரும்ப ஏறிடும். மீதிய ஹோஸ்ல வேகமா தண்ணி அடிச்சு கழுவிவிடுங்க. மறுநாள் சாயங்காலம் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரையறதுக்கு கொஞ்சம் காதி சோப்பு போட்டு நல்லா கலக்கி இலைக்கு அடியில படுற மாதிரி தெளிங்க, வாரம் ஒரு தடவ, மூணு வாரம். ஒரு நாள்ல போகாது, வீட்டுக்காரருக்கு அத சொல்லிடுங்க. எறும்பு வரிசையையும் கவனிங்க, மாவுப்பூச்சி விடுற தேன் மாதிரி திரவத்துக்காக எறும்புதான் அத பாதுகாக்கும், செடி விட்டு செடியும் தூக்கிட்டு போகும். அப்புறம் அந்த வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவுல ஒண்ணு மட்டும் பெருசா, சடைசடையா, விறுவிறுன்னு நடந்துக்கிட்டிருந்தா அத நசுக்கிடாதீங்க, அது ஒரு பொறிவண்டோட புழு, மாவுப்பூச்சியத் தின்னுதான் வளரும்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னாடி ஒரு சென்ட் இடம் இருக்கு. ரிட்டயர் ஆன எங்கப்பா தென்னை, முருங்கை, வாழை, மா எல்லாத்தையும் அதுக்குள்ள வெக்கணும்ங்கிறார். முடியுமா? – வாசகர், விழுப்புரம்

பதில்: ஒரு சென்ட்டுங்கறது 435 சதுர அடி, ஒரு தென்னைக்கே 25 அடி இடைவெளி கேப்பாங்க. தென்னைய வெட்டிடுங்க, பேச்சுலேருந்து. குளியலறை தண்ணி வெளிய வர்ற இடத்துல வாழை, அதுக்கு முன்னாடி நாலு கல்வாழையும் சேம்பும் வெச்சா சோப்புத்தண்ணி கொஞ்சம் தெளிஞ்சு வாழைக்கு போகும். முருங்கை, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில வந்த பி.கே.எம்.1 விதை போடுங்க, ஆறேழு மாசத்துல காய்க்கு வந்துடும், வருஷத்துக்கு ஒரு தடவ மூணடிக்கு வெட்டிவிட்டா குட்டையாவே நிக்கும். சுவரையும் கரண்டு வயரையும் விட்டு தள்ளி வைங்க, அது காத்துக்கு முறியற மரம், மழைக்காலத்துல கம்பளிப்பூச்சி வேற வரும், படுக்கை ரூம் ஜன்னலுக்கு நேரா வெச்சா ராத்திரி சொறிஞ்சுக்கிட்டே கெடக்கணும். மா வேணும்னா அது ஒண்ணு மட்டும்தான் பெரிய மரம், செப்டிக் டேங்க் பக்கம் கூடாது. மர நிழல்ல மஞ்சளும் இஞ்சியும் வெக்கலாம், மஞ்சள வைகாசியில ஊனினா தைப்பொங்கலுக்கு பானையில கட்ட நம்ம வீட்டு மஞ்சக்கொத்து ரெடி. இந்த வருஷம் வைகாசி போயிடுச்சு, இருந்தாலும் ரெண்டு கெழங்கு சும்மா ஊனிப் பாக்கச் சொல்லுங்க அப்பாவ.

கேள்வி: மல்லிச்செடி தளதளன்னு இருக்கு, பூவே இல்ல. மாமியார் தினமும் என்னைத்தான் பாக்கறாங்க. – வாசகி, நாமக்கல்

பதில்: கத்தரிக்கோல எடுங்க. கார்த்திகை மாசம், நவம்பர் கடைசியில, செடிய ஒன்றரை அடிக்கு வெட்டிவிட்டு, இலையெல்லாம் உருவி, மக்குன எரு வெச்சு தண்ணி விடுங்க. மல்லி புதுத் தளிர்லதான் மொட்டு வெக்கும், பங்குனியிலேருந்து பூக்கும். வெட்டறப்ப மாமியார் பக்கத்துல இருந்தாங்கன்னா மனசு தாங்காது, அதனால முன்னாடியே சொல்லி அவங்க கையாலயே முதல் கிளைய வெட்ட வெச்சிடுங்க.

கேள்வி: மே மாசம் பத்து நாள் ஊருக்குப் போவோம், செடியெல்லாம் கருகிடும். போகாம இருக்க முடியாது. – வாசகி, திருச்சி

பதில்: சித்திரை வெயில்ல எல்லாத்தையும் காப்பாத்தணும்னு நினைக்காதீங்க. காய்ப்பு முடிஞ்ச தக்காளி, வெண்டைய பிடுங்கி மக்க போட்டுடுங்க. கத்தரி, மிளகாய முக்கால் அடிக்கு வெட்டிவிட்டா தண்ணி கம்மியா குடிக்கும், மழை வந்தா திரும்பத் தழைக்கும். மீதி பையெல்லாம் நிழலுக்கு நகத்தி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெச்சு, மேல காஞ்ச இலை, தேங்கா நார் மூடுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க கிட்ட ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி ஊத்தச் சொல்லிட்டு, அந்தப் பத்து நாள் வர்ற காய் கீரை பூ எல்லாம் உங்களுக்குத்தான்னு சொல்லிடுங்க, மறக்கவே மாட்டாங்க.

கேள்வி: ரெண்டு வயசுப் பேரன் என் கூடவே தோட்டத்துக்கு வர்றான், சந்தோஷம்தான், ஆனா பிஞ்செல்லாம் பிச்சுப் போட்டுடறான், கையில கெடைச்சத வாயில வேற வெக்கிறான். என்ன பண்றது? – வாசகர், திருநெல்வேலி

பதில்: அவன் பிக்கறதுக்குன்னே ஒரு தொட்டி குடுத்துடுங்க, பொன்னாங்கண்ணியோ புதினாவோ, பிக்கப் பிக்க தழைக்கிறதா இருக்கட்டும். வாயில வெக்கிறானா, அப்ப அரளி எங்க இருக்குன்னு இன்னைக்கே பாருங்க. சாமிக்கு பூ வேணும்னு எல்லார் வீட்டுலயும் இருக்கும், சிவப்பு அரளியானாலும் மஞ்ச அரளியானாலும் இலை, பூ, விதை, பால் எல்லாமே விஷம். ஊமத்தை தானா முளைச்சிருந்தா அதையும் வேரோட எடுத்துடுங்க. மிளகாச் செடி அவனுக்கு எட்டாத உயரத்துல இருக்கட்டும், மிளகாய தொட்ட கையால கண்ண கசக்கினா அன்னைக்கு உங்க பொழுது போச்சு. வேப்பெண்ணெய் பாட்டில், உர மூட்டையெல்லாம் மேல ஷெல்ஃப்ல ஏத்திடுங்க, தெளிச்ச அன்னைக்கு அவன மாடிக்கு கூட்டிட்டு போகாதீங்க.